எறங்கினா ஏறணும்ல

மேல் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததுமே அத்தை நின்றுவிட்டார். கண்ணில் பட்ட முதல் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, ஸ்வெட்டர் பையிலிருந்து வறுக்கிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போய்ட்டு வா கண்ணு. எனக்கு மூட்டு கேக்காது. எறங்கினா ஏறணும்ல."

குன்னூர் சிம்ஸ் பார்க்கைப் பற்றி எத்தனையோ சுற்றுலாக் கையேடுகள் வந்திருக்கின்றன. அத்தை சொன்ன அளவுக்கு ஒன்றும் விஷயத்தைத் தொடவில்லை. மற்ற ஊர்ப் பூங்காக்களுக்குள் நாம் நடந்து போவோம். இதற்குள் இறங்க வேண்டும். கேட்டருகில் நின்றால் மரங்களின் உச்சிக்கிளைகள் கண்ணுக்கு நேரே இருக்கும். அவற்றின் அடியைப் பார்க்க எட்டிக் குனிய வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,798 மீட்டரில் தொடங்கி 1,768 மீட்டர் வரை இறங்குகிறது என்று கணக்குச் சொல்வார்கள். 30 மீட்டர், ஏறத்தாழ பத்து மாடிக் கட்டடம். அந்தப் பத்து மாடியை 12 ஹெக்டேரில், அதாவது 30 ஏக்கரில், வளைத்து வளைத்துப் பரப்பியிருக்கிறார்கள்.

நான் பிறந்தது இந்த ஊரில். இருபது வருஷமாகக் கோயம்புத்தூரில் வேலை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வளைவில் பஸ் திரும்பும்போது காது அடைத்துக்கொண்டால்தான் ஊருக்குப் போகிற நினைப்பே வரும். ஆனால் சொந்த ஊர்ப் பூங்காவை யார் போய்ப் பார்க்கிறார்கள்? விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போவோம், அவ்வளவுதான். போன மாதம் விருந்தாளி யாரும் வரவில்லை. அத்தைக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சலித்துப்போயிருந்தது. "சும்மா பார்க்கு வரைக்கும் போலாம்" என்றார். வந்தோம்.

கீழே இறங்கும்போதுதான் யோசித்தேன். இந்தப் பள்ளத்தில் பூங்கா வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பூங்கா உருவான வருஷம் 1874. அதற்கு முந்தைய வருஷத்தில்தான் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. நாம் இப்போது கொண்டாடும் பல்சக்கர மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல். அதற்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்னால், சென்னையில் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முதல் தடவையாக மலையடிவாரம் வரைக்கும் ரயிலிலேயே வந்து இறங்க முடிந்தது 1873இல்தான். அங்கிருந்து குதிரையோ, டோங்காவோ, மாட்டு வண்டியோ. கர்னல் லா மேற்பார்வையில் போட்ட மலைப்பாதையில் மேலே ஏற வேண்டும். அவர் பெயரில்தான் பாதையோரம் லாஸ் அருவி இருக்கிறது. மூச்சு வாங்கி ஏறி முடித்ததும் முதலில் வருகிற குளிர்ந்த ஊர் குன்னூர். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைக்குக் கோடை மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகத் தொடங்கியிருந்தது. கவர்னர் போகிற வழியில் இருக்கிற ஊர் என்றால் பங்களாக்கள் முளைக்கும், கிளப் முளைக்கும், மாலையில் உலாவ ஓர் இடம் வேண்டும் என்றும் தோன்றும்.

அப்படித் தோன்றியவர்களாக இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒருவர் சென்னை அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஜே.டி. சிம். இன்னொருவர் நீலகிரி வனத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஜர் மரே. யோசனை, செல்வாக்கு, பணம் ஆகியவை முதல் ஆளிடம் இருந்திருக்கும். மரம், மண், ஆள், மண்வெட்டி இரண்டாவது ஆளிடம் இருந்திருக்கும். வழக்கம்போல பெயர் முதல் ஆளுக்குப் போயிற்று. மரே பெயரை இன்று பூங்காவில் யாரிடம் கேட்டாலும் தெரியாது. சிம் பெயரும் முழுசாகத் தப்பிக்கவில்லை. ஆங்கிலத்தில் 'சிம்முடைய பார்க்' என்பதற்காக ஒட்டிய 'ஸ்' அப்படியே பெயரோடு ஒட்டிக்கொண்டு அவரை 'சிம்ஸ் துரை' ஆக்கிவிட்டது. என் அண்ணன் மகன் ஏழு வயசில், "இங்க சிம் கார்டு விப்பாங்களாப்பா?" என்று கேட்டான். அவன் காலத்துச் சிம் அது.

அந்த இருவரும் செய்ததைவிட, செய்யாமல் விட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பள்ளத்தைச் சமப்படுத்தவில்லை.

ஊட்டியின் தாவரவியல் பூங்காவோடு ஒப்பிட்டால் புரியும். அது முதலில் வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டம். 1848இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் வந்த பிறகுதான் பூங்காவாயிற்று. தொட்டபெட்டாவின் சரிவை அவர் படிப்படியாக வெட்டித் தளம் தளமாக அடுக்கினார். கீழே விரிந்த புல்வெளி, மேலே மாடிகள். நின்ற இடத்திலிருந்தே முக்கால்வாசித் தோட்டம் தெரிந்துவிடும். கவர்னர் வந்து நின்று ஒரு பார்வை பார்க்கத் தோதான தோட்டம் என்று கேலியாகச் சொல்லத் தோன்றுகிறது, மெக்ஐவர் மன்னிக்கட்டும்.

குன்னூரில் இருப்பது ஒடுங்கிய பள்ளம். இரண்டு பக்கமும் சரிவு, அடியில் தண்ணீர் வடியும் ஓடை. இங்கே தளம் வெட்ட வேண்டுமானால் மலையையே பெயர்க்க வேண்டும். ஆகவே பள்ளம் எப்படி வளைந்ததோ அப்படியே பாதையும் வளைந்தது. ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் சமதரையில் செயற்கையாகக் குன்று எழுப்பி, ஏரி வெட்டி, பாதையை வேண்டுமென்றே நெளியவிட்டு, 'இயற்கையாக இருக்கிறது' என்று மகிழ்ந்துபோவார்கள். அடுத்த காட்சி திருப்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த வகைத் தோட்டக் கலையின் சூட்சுமம். இங்கே அந்தச் செலவே இல்லை. ஒரு திருப்பத்தில் பெரணி மரங்கள், அடுத்ததில் கண்ணாடி வீடு, அதற்கடுத்ததில் திடீரென்று கால் கீழே படகு விடுகிற குட்டைக் குளம். ஓடையும் சரிவும் தரும் தண்ணீர் கடைசியில் வந்து சேர வேண்டிய இடத்தில்தான் குளம் இருக்கிறது. மழைத்தண்ணீர் பாதையை அரித்துவிடாமல் ஓரமாக இறக்கிவிடும் கல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பூவை எல்லோரும் படமெடுக்கிறார்கள். இந்த வாய்க்கால் ஒரு மழைக்காலம் அடைத்துக்கொண்டால் பூப்பாத்தி இருக்காது. குன்னூருக்குப் பெருமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். 2009 நவம்பரில் வந்த மழையில் இந்த மலையில் எத்தனை சரிவு பெயர்ந்தது, எத்தனை உயிர் போனது என்று இங்கே யாரும் மறக்கவில்லை.

பூங்காவின் ஒரு பகுதி ஜப்பானிய பாணியில் அமைந்தது என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். 1874க்கு அது பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். ஜப்பான் தன் துறைமுகங்களை வெளியாருக்குத் திறந்து அப்போது இருபது வருஷம்தான். ஐரோப்பாவில் ஜப்பானியத் தோட்ட மோகம் பிடித்தது அதற்குப் பின்னால். பிற்காலத்தில் யாராவது ஆசைப்பட்டுச் சேர்த்திருப்பார்கள். அல்லது வளைந்த பாதை, குளம், சின்னப் பாலம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்த ஒருவர் ஜப்பான் என்று எழுதிவைக்க, மற்றவர்கள் அதையே பார்த்து எழுதியிருப்பார்கள்.

மரங்களிடம் வருகிறேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவர இனங்கள், 255 பேரினங்கள், 85 குடும்பங்கள் என்பது பூங்காவைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. எண்ணிக்கையைவிட, இவை எங்கிருந்து எப்படி வந்தன என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 1830களில் லண்டனில் வார்டு என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தண்ணீர் ஊற்றாமலேயே மாதக்கணக்கில் பிழைக்கும் என்று கண்டுபிடித்தார். செடி வெளிவிடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே சொட்டும். அதற்கு முன் கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றில் செத்துப்போகும். அந்தப் பெட்டி வந்த பிறகு மலேரியா மருந்துக்கான தென் அமெரிக்கச் சிங்கோனா மரம் நீலகிரிக்கு வந்தது, சீனத்துத் தேயிலை இமயமலைப் பக்கம் போனது, ஆஸ்திரேலியாவின் மரங்கள் எங்கள் மலைக்கு ஏறின. எந்த மரம் எங்கே பிடிக்கும் என்று நட்டுப் பார்ப்பது அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு வேலையாகவும் இருந்தது, பொழுதுபோக்காகவும் இருந்தது.

நட்டுப் பார்க்க குன்னூர் நல்ல இடம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே மார்கழி, தையில் உறைபனி விழுந்து புல்வெளி உப்புக் கொட்டினாற்போல ஆகிவிடும். அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள். குன்னூர் நானூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. குளிர் உண்டு, கருக்கும் பனி அநேகமாக இல்லை. இன்னும் கீழே, இதே மலைச்சரிவில், பர்லியாறும் கல்லாறும். அங்கே மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும். பர்லியாறு தோட்டத்தை 1857இல் தொடங்கியவர் அன்றைய கோவை கலெக்டர் தாமஸ். ஒரே மலைப்பாதையில் மேலே ஊட்டி, நடுவே குன்னூர், கீழே பர்லியாறு, அடியில் கல்லாறு என்று நாலு தட்டில் தோட்டம். பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தட்பவெப்பத்தை மாற்றிக்கொண்டே ஏறுகிறது. இப்படி ஒரு வசதி எத்தனை தோட்டக்காரர்களுக்குக் கிடைக்கும்?

சிம்ஸ் பார்க்கில் என் மரம் என்றால் குயின்ஸ்லாந்து கௌரி பைன். கிளையே இல்லாமல் விறுவிறுவென்று மேலே போகும் தூண். பட்டை செதில் செதிலாக உதிர்ந்து, உதிர்ந்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அடியில் கசிந்த பிசின் காய்ந்து, அழுக்குக் கண்ணாடிபோல ஒட்டியிருக்கும். சின்ன வயசில் அதை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுத் துப்பியிருக்கிறேன். பைன் என்று பெயர் இருந்தாலும் பைனுக்குத் தூரத்துச் சொந்தம்தான். பக்கத்தில் நிற்கும் அரக்கேரியாக்களின் குடும்பம். டைனோசர் நடமாடிய காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் பூமியில் இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர் மரங்களைக் கொண்டுவந்து குவித்ததை நான் முழு மனசாகப் பாராட்டவில்லை. கௌரி பைன் வேலிக்குள் நின்றது, யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அதே ஆர்வத்தில் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் வேலிக்குள் நிற்கவில்லை. புல்வெளி மலைகளை மூடிச் சோலைக்காடுகளின் ஓரத்தைத் தின்றது. கற்பூர மரம் என்று நாங்கள் கூப்பிடும் யூகலிப்டஸ் மலை மலையாக நட்டார்கள். அழகுக்கு வந்த வெள்ளைக் குவளை லில்லி சதுப்புநிலங்களில் தானாகப் பரவிக் கிடக்கிறது. பூங்காவைச் சுற்றிப் பார்க்கும்போது இந்த ஞாபகமும் கூடவே வரும்.

பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் இன்ஸ்டிடியூட். எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்ததே அதனால்தான் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. தாத்தாவின் அப்பாவை, ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், பத்து வயசில் வெறிநாய் கடித்தது. அவருடைய அப்பா அவரைத் தோளில் போட்டு, வண்டி கட்டி, ரயிலேற்றி, மலை ரயிலில் குன்னூர் கொண்டுவந்தாராம். வயிற்றில் தினம் ஒரு ஊசி. ஊசி போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எதிர்ப்புறப் பூங்காவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். பையன் பிழைத்தான். அப்பாக்காரர் ஊர் திரும்ப மனசில்லாமல் இங்கேயே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்துத் தங்கிவிட்டார். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அத்தையின் கைவண்ணம் என்று பிரிக்க முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு அப்படித்தான் ஆட்கள் வந்தார்கள். 1907இல் அது திறந்தபோது தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் பிறந்த நிறுவனம் அது. அதே நன்கொடைதான் பிகாரில் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கும் போனது.

அங்கேயே ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். வெள்ளை எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் தின்ற பஞ்சாப் எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. தீட்டிய அரிசி தின்ற நம் சென்னை மாகாண எலிகள் வரிசையின் கடைசியில் நோஞ்சானாக நின்றன. அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் எந்த மரம் இந்த மண்ணில் பிழைக்கும் என்று பார்த்தார்கள், அந்தப் பக்கம் எந்தச் சோற்றில் மனுஷன் பிழைப்பான் என்று பார்த்தார்கள். அத்தையிடம் எலிக் கதையைச் சொன்னால், "அதுக்குத்தான் சொல்றேன், பாலைக் குடி" என்பார். எனக்கு வயசு நாற்பத்தேழு.

குளத்துக்குப் பக்கத்துப் பாத்தியில் ஒரு பெரியவர் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்றவர், சீசன் நேரத்தில் தினக்கூலிக்கு வருகிறார். பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வாக்கியத்திலேயே அந்த இழுவை தெரிந்தது.

"சிலோன்ல எங்கங்கய்யா?"

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களே தம்பி. நுவரெலியா. ஒம்பது வயசுல வந்தேன். கப்பல்ல தலைமன்னாருலருந்து ராமேஸ்வரம்."

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் போட்ட ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. நூறு வருஷத்துக்கு மேல் இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களைப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது நீலகிரிக்கு. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. அதன் தலைமை அலுவலகமும் குன்னூரில்தான். தேயிலை பறிக்கத் தெரிந்த கைகளில் சில பூங்காவுக்கும் வந்தன.

"அங்க ஹக்கல பூந்தோட்டம் இருக்கு தெரியுமா? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. இங்க மொத நாள் வேலைக்கு வந்து எறங்கிப் பாக்கறேன், அதே மரம், அதே பெரணி, அதே குளுரு. அடடா, நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டமோன்னு இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து இதை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஹக்கல தோட்டமும் 1861இல் சிங்கோனா நட்டுப் பார்க்கத்தான் தொடங்கியது. அதே நேரத்தில்தான் நீலகிரியிலும் சிங்கோனா. ஒரே சாம்ராஜ்யம், ஒரே யோசனை, இரண்டு மலைகளிலும் ஒரே மாதிரித் தோட்டங்களைப் போட்டது. அதே சாம்ராஜ்யம்தான் இவருடைய முப்பாட்டனைக் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனது. ஒன்பது வயசில் நாடு மாறி வந்த பிள்ளைக்கு, தெரிந்த முகமாகக் கிடைத்தது இந்த மரங்கள்.

அவர் நாற்று வைக்கிற வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். தட்டிலிருந்து நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்குவதில்லை. இலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் எடுக்கிறார். வலது கட்டைவிரலால் பாத்தியில் ஒரு குழி. நாற்றை இறக்கி, இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ளி ஒரு அழுத்து. எல்லாம் சேர்ந்து மூன்று விநாடி இருக்கும். "தண்டு நசுங்கினா செடி போச்சு. எல கிழிஞ்சா வேற எல விடும்" என்றார். பெட்டூனியா, சால்வியா, பேன்சி. ஏப்ரல், மே சீசனுக்கு ஒரு நடவு, செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு இன்னொன்று. பூத்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போட்டு, தொழு உரம் போட்டுக் கொத்தி, மறுபடி முதலிலிருந்து. பாத்தியின் ஒரு மூலையில் ஐந்தாறு நாற்றுகள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. தட்டு அகலத்துக்குக் குளம்புத் தடம்.

"ராத்திரி காட்டுமாடு வந்துட்டுப் போயிருக்கு. அதுக்கு டிக்கெட் இல்ல பாருங்க."

ஜனங்கள் பார்க்க வருவது இந்தப் பாத்திகளைத்தான். மே மாதப் பழக்கண்காட்சிக்கு வந்தால் காலெடுத்து வைக்க இடமிருக்காது. கோத்தகிரியில் காய்கறி, கூடலூரில் வாசனைத் திரவியம், ஊட்டியில் ரோஜாவும் மலரும், கடைசியில் குன்னூரில் பழம் என்று கோடை விழாவுக்கு ஒரு வரிசை உண்டு. பழக்கண்காட்சி அறுபது தடவையைத் தாண்டிவிட்டது. திராட்சையில் மயில், அன்னாசியில் கோட்டை, ஆரஞ்சில் ஏதாவது ஒரு மிருகம். எனக்கு அந்தச் சிற்பங்களில் பெரிய ஈடுபாடு இல்லை, பழத்தைத் தின்னணும் என்ற கட்சி நான். ஆனால் ஓரத்து மேஜைகளில் தட்டுத் தட்டாகப் பேர் எழுதி வைத்திருப்பார்களே, அங்கே நிற்பேன். பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன், கீழிருந்து வந்த மங்குஸ்தான், ரம்புட்டான். பக்கத்திலேயே அரசுப் பழப்பண்ணை இருப்பதால் இந்தக் கண்காட்சிக்கு இந்த ஊர்தான் சரி. நாலு தட்டுத் தோட்டமும் ஒரே பந்தலுக்குள் வந்து உட்காரும் நாள் அது. கடைசி நாள் சாயங்காலம் வந்து பாருங்கள். மயிலின் கழுத்துத் திராட்சைகள் கொஞ்சம் சுருங்கி, அதைச் சுற்றி ஈ மொய்க்கும். அப்போது வரும் புளித்த பழ வாசனைதான் என் சின்ன வயசு மே மாதத்தின் வாசனை.

திரும்பும் வழியில் ருத்ராட்ச மரத்தடியில் குனிந்தேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் வெறுங்கையோடு போனால் முகம் மாறும் என்று தெரியும். சருகைக் கிளறியதில் மூன்று பழம் கிடைத்தது. ருத்ராட்சம் என்றால் பழுப்புக் கொட்டை என்று நினைப்பவர்கள் அந்தப் பழத்தைப் பார்க்க வேண்டும். நெல்லிக்காய் அளவு, பளீரென்ற நீலம். பெயின்ட் அடித்த நீலம். இந்த நீலத்துக்குச் சாயமே கிடையாது என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. தோலுக்குள் மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. மயில்தோகையிலும் நீலம் உண்டாவது ஏறக்குறைய இப்படித்தான். நசுக்கினால் கையில் நீலம் ஒட்டாது. நசுக்கிப் பார்த்தேன். உள்ளே பச்சைச் சதை, புளித்த நாற்றம், நடுவில் கரடுமுரடாகக் கொட்டை.

ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாவது இடத்தில் கௌரி பைனுக்கு இணையாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, சின்னப் பசங்கள் மூன்று பேர் என்னைத் தாண்டி ஓடினார்கள், மேலிருந்து அவர்கள் அம்மா கத்திக்கொண்டிருந்தார்.

அத்தை அதே பெஞ்சில். வறுக்கிப் பொட்டலம் காலி. பக்கத்தில் கேரளாவிலிருந்து வந்த ஓர் அம்மாவோடு மலையாளமும் தமிழும் கலந்து ஏதோ மருமகள் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். பழத்தைக் கொடுத்தேன். வாட்டர் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சேலைத் தலைப்பால் சதையைத் துடைத்து, கொட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து நகத்தால் கோட்டைத் தடவித் தடவி எண்ணினார்.

"அஞ்சு."

அடுத்தது. "இதும் அஞ்சு."

மூன்றாவதை எண்ணவே இல்லை. அந்த அம்மாவின் கையில் வைத்து, "வச்சுக்கோங்க, அஞ்சு முகம்" என்றார்.